உயரம்

செவ்வாய்க்கிழமை அரிசி நாள்.
என் கையில் மூங்கில் கழி,
அதில் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு.
கோட்டுக்கு மேல் நிற்கும் தலை
பெண் தலையானால்
வாரம் மூன்றரைக் கிலோ.
ஆண் தலைக்கு இல்லை.
நான் தின்பதும் என் தங்கை அட்டையில்தான்.

ஆண் என்றால் துப்பாக்கியாம்.
துப்பாக்கிக்குச் சோறு போட்டதாக
பாங்காக் தாளில் வரக் கூடாதாம்.
துப்பாக்கி யார் கப்பலில் வந்தது என்று
அந்தத் தாளில் கட்டம் இல்லை.
அரிசி மூட்டையில் மட்டும்
கொடுத்த நாட்டின் பெயர்
சாண் உயர எழுத்தில்.

கடலுக்கு அப்பால் ஒரு மண்டபத்தில்
கம்போடியாவுக்கென்று நாற்காலி உண்டு.
எங்களை வயல் வரப்பில் புதைத்தவர்கள்
இன்னும் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள்.
அவர்களைத் துரத்தியவன்
வேறொரு வல்லரசின் தோழன், அதனால்.
பிரெஞ்சு மருத்துவர் சொன்னார்,
யாருடைய காலையோ அறுத்துக்கொண்டே.
எனக்கு விளங்கியது இவ்வளவு:
அங்கே கை தூக்கினால்
இங்கே லாரி வரும்.

யிம் சொக்கோனுக்கு இரண்டு பையன்கள்.
மகள் கோலாப் வரும் வழியில்
கண்ணிவெடியோடு போனாள்.
அட்டை மட்டும் இருந்தது.

அந்தச் செவ்வாய்
மூத்தவனுக்குப் பாவாடை சுற்றி
காதில் ஈர்க்குச்சி செருகி
வரிசையில் நிறுத்தியிருந்தாள்.
பேர் கேட்டேன்.
அம்மாவைப் பார்த்தான்,
பிறகு "கோலாப்" என்றான்
கூப்பிடுவது போல.

தலை கோட்டைத் தொட்டது.
பாவாடைக்குள் குதிகால் மண்ணில் இருக்காது.
நான் குனியவில்லை.

வெள்ளி இரவு தளபதியின் ஆட்கள் வந்தார்கள்.
கத்தி செருகிய துப்பாக்கியை நட்டு
பையன்களை அதோடு ஒட்டி நிறுத்தினார்கள்.
துப்பாக்கியை மிஞ்சினால் லாரியில் ஏறு.
ஒருவன் கிடங்குச் சுவரில் சாய்ந்திருந்த
என் கழியை எடுத்து
விளையாட்டாகப் பக்கத்தில் வைத்தான்.
கத்தி முனையும் சிவப்புக் கோடும்
ஒரே உயரம்.
சிரித்தார்கள்.
நானும் சிரித்திருக்கிறேன் போல,
வாய் வலித்தது.

"அண்ணே, அங்கே கூட்டிச் சொன்னீங்களே,
இங்கே கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்க"
இருட்டில் சொக்கோன் என் சட்டையைப் பிடித்தாள்.
அவன் கால்சட்டையில் நின்றான்
முழங்காலை மடக்கி.
டார்ச் வெளிச்சம்
தலையிலிருந்து மெதுவாக
முழங்காலுக்கு இறங்கியது.

அடுத்த செவ்வாய்
சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு
அவள் வந்தாள். கையில் இரண்டு அட்டை.
காலி இடத்தில் கழியை நிறுத்தினேன்.
கோட்டுக்குச் சற்று மேலே,
ஒரு உச்சந்தலை இருக்கும் இடத்தைப் பார்த்து,
சரி என்றேன்.
அரிசி அளந்தார்கள்.