அறுநூற்று மூன்று எழுத்துகள்

ஏம்ஸ் ஆய்வகத்திலிருந்து மரம் வந்திருக்கிறது.
இலையில்லாத மரம்,
படுக்கவைத்து வரைந்தது.
கிளை நுனிகளில் பெயர்கள் இல்லை, எண்கள்.
எந்த எண்ணுக்குப் பின்னால் யார் என்று
இந்த மாவட்டத்தில் எனக்கு மட்டும் தெரியும்.
மருத்துவச்சிக்கு அவ்வளவுதான் அதிகாரம்.

4471, ஹார்லன் டி யோங்.
இரண்டாயிரத்து நானூறு தாய்ப்பன்றிகள்.
ஜனவரி கடைசியில் காதுமடல் நீலம் பாரித்து
தீவனத்தில் மூக்கு வைக்காமல் படுத்துவிட்டன.
ஒரே வாரத்தில் நூற்றுப்பத்து சினை கலைந்தது.
எவுலாலியோ குட்டிகளை வாளியில் போட்டு
ஸ்பானிய மொழியில் எண்ணத் தொடங்கி
அறுபதில் வாயை மூடிக்கொண்டான்.
மிச்சத்தைச் சுவரில் சாக்கட்டிக் கோடுகளாகக் கிழித்தான்.
கோடுகள் இன்னும் இருக்கின்றன,
கழுவச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

4502, ஏழு மைல் மேற்கே
கோரின் ப்ளூமென்டால்.
அவளுக்கு மார்ச்சில்.

இருவருக்கும் இடையே
அறுநூற்று மூன்று எழுத்துகளில்
மாறியிருப்பது
ஒன்று.
முந்நூற்றுப் பதினேழாம் இடத்தில்
'ஏ' இருந்த இடத்தில் 'ஜி'.

இந்தக் கிருமிக்கு மூளை கிடையாது, வஞ்சமும் கிடையாது.
தன்னைத் தானே படியெடுக்கும், அவ்வளவுதான்,
மெய்ப்புப் பார்க்க ஆளில்லாத அச்சகம் போல
இரவும் பகலும்.
விழுகிற பிழைகளில் பெரும்பாலானவை
விழுந்த இடத்திலேயே சாகும்.
ஏதோ ஒரு பிழை
பிழைத்துக்கொள்ளும்.
தடுப்பூசி படித்துவைத்திருந்த முகத்தின் மேல்
ஒரு சர்க்கரைச் சங்கிலியை முக்காடு போட்டுக்கொண்டு
அடுத்த கொட்டிலுக்குள் அந்நியனாக நுழையும்.
என் ஆசிரியர்கள் காலத்தில் இதற்குப் பெயர்கூட இல்லை.
மர்ம நோய் என்றே எழுதினார்கள்.
அட்லாண்டிக்கின் இரு கரையிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்,
ஒன்றையொன்று அறியாத தூரத்துப் பங்காளிகளாக
முளைத்திருந்தது.

காற்று என்கிறாள் கோரின்.
பிப்ரவரியில் நான்கு நாள் கிழக்குக் காற்று
ஹார்லனின் மின்விசிறிகளைத் தாண்டித்தான் வந்தது.
மினசோட்டா லாரி என்கிறான் ஹார்லன்.
தீவனக் கூட்டுறவுக் கடையில்
ஒருவர் காபி வாங்கும்போது
மற்றவர் ரப்பர் குழாய்களை விலை பார்க்கிறார்.

பிப்ரவரி பத்தொன்பது.
காலையில் ஹார்லனிடம் முப்பது பன்றிகளுக்கு ரத்தம் எடுத்தேன்.
சாலை முழுக்கக் கண்ணாடிப் பனி.
இருட்டும் நேரம் கோரினின் அழைப்பு:
ஈன முடியாமல் ஒன்று, உடனே வா.
நோய்க் கொட்டிலுக்கும் நல்ல கொட்டிலுக்கும் நடுவே
ஓர் இரவு கழிய வேண்டும்.
நான் எழுதி, நான் கையெழுத்திட்டு,
அவள் வாசலில் நானே ஆணியடித்த விதி.
குளித்தேன். உடை மாற்றினேன். காலணி மாற்றினேன்.
வண்டியின் மிதியடியை மாற்றவில்லை.

மரம் நெருக்கம் சொல்லும், வழி சொல்லாது.
ஒற்றை எழுத்தை வைத்து
எந்த நீதிமன்றமும் என்னைத் தண்டிக்காது.
காற்றாகவே இருக்கலாம்.
லாரியாகவும் இருக்கலாம்.

கோரின் தாளைச் சமையலறை மேசையில் விரித்தாள்.
"இதில் நான் எது?"
விரல் வைத்தேன்.
"பக்கத்தில் இருப்பது யார் என்று சொல்லமாட்டாய், தெரியும்.
இது யார்?"
அவள் நகம்
இரண்டு கோடுகளும் பிரிகிற கவையில் நின்றது.
எண் எதுவும் எழுதாத இடம்.

நானாக இருக்கலாம் என்றேன்.

தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
பின்பக்கம் வெறுமை.
குளிர்பெட்டி ஒரு முறை உறுமி அடங்கியது.
போ என்று சொல்லவில்லை.
எழுந்து, கதவோரப் பெட்டியிலிருந்து
புது பிளாஸ்டிக் காலுறை ஒரு ஜோடியை எடுத்து
என் மடியில் போட்டாள்.
"நாற்பத்திரண்டு குட்டிகள் நேற்று உயிரோடு பிறந்தன.
வண்டியைச் சாலையிலேயே விட்டுவிட்டு
நடந்து வா."