பொன்பாடி வரைக்கும்

என் ஓய்வு பாஸ் பொன்பாடி வரைக்கும்தான் செல்லும்.
அதற்கப்புறம் நான் பயணி.
நாகபூஷணம் கிட்டே வந்து
"உங்ககிட்ட காசு வாங்குனா கை வெந்துபோகும்ணே" என்கிறான்.
சில்லறையாகவே எண்ணிக் கொடுக்கிறேன்.
செக்கிங் ஏறினால் மெமோ எனக்கில்லை, அவனுக்கு.

இருபத்தொன்பது வருஷம் இதே தடம்.
ஜன்னலோரம் உட்கார்ந்ததில்லை.
திருப்பதி ரோட்டில் இவ்வளவு மாமரங்களா?

கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
தந்தை அல்லது பாதுகாவலர் கையொப்பம்.
காலியாக விடக்கூடாது என்றார் குமாஸ்தா, தலை தூக்காமல்.
அப்பா போய்ப் பதினேழு வருஷம் ஆகிறது.
வீட்டுக்கு எடுத்துவந்தேன்.
பிரமீளா ஈரத்தலையில் துண்டோடு வந்து
கையெழுத்துப் போட்டாள்.
உறவுமுறை என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
மகள் என்று எழுதினாள்.
"லீவு போடக் கூடாது" என்றாள், சிரிக்காமல்.

தெலுங்கு எனக்குக் காதில் உண்டு, கண்ணில் இல்லை.
கரும்பலகையில் எழுத்துக்கு எழுத்து தலையில் ஒரு டிக்,
இன்ஸ்பெக்டர் என் வே-பில்லில் போடுவாரே, அதே டிக்.
முதல் வாரம் முழுக்க
யாரோ என் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டே போனார்கள்.

பக்கத்து இருக்கை ஹேமசுந்தருக்கு இருபத்திரண்டு வயசு.
என் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவான்.
ஆடுகிற வண்டியில் எழுதிப் பழகிய கை,
ஆடாத மேசையில் அச்சு மாதிரி விழுகிறது.

ஐம்பத்தேழு வயசில் எதற்குச் சட்டம் என்று கேட்பவர்களிடம்
முட்டி தேய்ந்துவிட்டது, சும்மா இருக்க முடியவில்லை என்பேன்.
நகரி வளைவு வரும்போது மட்டும்
புத்தகத்தை மூடிவிடுவேன்.

கோட்டீஸ்வரன். தறிக்காரர். நைட் ஷிப்டுக்குப் போனவர்.
புத்தூர் கோர்ட்டில் நான் சாட்சி.
"அவர் படியில் நின்றாரா?"
"ஆமாம்."
அவ்வளவுதான் கேட்டார்கள்.
கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று
டிப்போவில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.
அந்த ஆமாமுக்கு
இழப்பீட்டில் பாதி போயிற்று.
கூண்டிலிருந்து இறங்கும்போது
கைப்பிடி வழவழவென்று இருந்தது ஞாபகம்.

போன புதன்கிழமை பாடம்: பங்களிப்புக் கவனக்குறைவு.
படியில் தொங்குகிறவனைத்தான் மேடமும் உதாரணம் சொன்னார்.
"மனைவியின் வக்கீலாக இருந்தால்
சாட்சியை என்ன கேட்பீர்கள்?"
வகுப்பு கொட்டாவி விட்டது.
நான் எழுந்தேன். முட்டி சொடுக்கியது முன்பெஞ்சு வரை கேட்டிருக்கும்.
"வண்டியில் எத்தனை பேர் என்று கேட்கணும் மேடம்."
"சரி, எத்தனை பேர்?"
"தொண்ணூற்று நாலு."
உள்ளே போ, உள்ளே போ என்று கத்தியது நான்தான் என்று
சொல்ல வாய் திறந்தேன்.
மேடம் அதற்குள்
தொண்ணூற்று நாலைப் பலகையில் எழுதிக் கோடு போட்டுவிட்டார்.
நல்ல கற்பனை எண் என்று சொன்னார்.

சாயங்கால வண்டியில் புத்தூரில் ஏறினாள் சுகுணம்மா,
நூல் மூட்டையோடு.
எப்போதாவது ஏறுவாள்.
என்னைத் தெரியாது. தெரிந்திருக்கவும் கூடும்.
மேல்முறையீட்டுக்கான காலம் எப்போதோ முடிந்துவிட்டது.
அதை முதல் செமஸ்டரிலேயே படித்தாயிற்று,
இரண்டு முறை, விரல் வைத்து.

நகர்ந்து இடம் விட்டேன்.
உட்கார்ந்து, கேட்காமலே
மூட்டையில் பாதியை என் மடிப் புத்தகத்தின் மேல் சாய்த்தாள்.
கனம்தான்.
ஏகாம்பரகுப்பத்தில் விசில் கொடுத்தான் நாகபூஷணம்.
இறக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.
அட்டையில் பஞ்சுத் துணுக்குகள்.
தட்டிவிடவில்லை.

இன்னும் ஐந்து செமஸ்டர்.