பெட்டி எண் பதினேழு

புந்தா அரேனாஸிலிருந்து காலாமாவுக்கு
நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
சொந்த நாட்டின் தெற்கு நுனியிலிருந்து
சொந்த நாட்டின் வடக்குப் பாலைக்குப் போக
நடுவில் அர்ஜென்டினாவைக் கடந்தாக வேண்டும்.
லாரிக்கு அது வெறும் சாலை.
எனக்குப் பட்டியல்:
நான்கு படிகள், ஒரு பொருளுக்கு ஒரு வரி,
எதிரே விலை.

எலிசெயோ செப்டம்பரிலேயே போய்விட்டான்,
செப்புச் சுரங்கத்தில் வேலை.
அங்கிருந்தபடி ஃபோனில் வீட்டைக் கலைக்கிறான்.
கணப்பு வேண்டாம், நெவென்கா.
கம்பளி ஆளுக்கு ஒன்று போதும், இரவுக்கு.
குடையெல்லாம் தூக்கி வராதே,
இங்கே மழை பெய்தால் பேப்பரில் போடுகிறார்கள்.

குடையா?
இந்த ஊர்க் காற்றில் யாரிடம் குடை இருந்தது?
பதினாறு வருஷம் இங்கே குடியிருந்தவன்
கேட்கிற கேள்வியா இது.

பெட்டிகள் மார்க்கெட்டில் கெஞ்சி வாங்கியவை.
வாழைப்பழம் சுமந்து
ஈக்வடாரிலிருந்து இந்த முனைவரை வந்தவை.
பயணத்தில் எங்களைவிடக் கைதேர்ந்தவை.
தாவோர் முதல் பெட்டியில்
'சமையலறை, கண்ணாடி, கவனம்' என்று
அழகாக எழுதினான்.
ஆறாவதில் 'சமை'.
பதினொன்றில் ஓர் அம்புக்குறி மட்டும்.
அதுவும் பக்கவாட்டில்.

கணப்பை வாங்க ஓர் இளம் ஜோடி வந்தது.
பதினாறு வருஷத்தில் முதல்முறையாக
அதை முழுக்க அணைத்தேன்.
அப்போதுதான் தெரிந்தது
இத்தனை நாளும் அது
ஏதோ ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.
அவர்கள் விலையைக் குறைத்துக் கேட்டார்கள்.
குறைத்துவிட்டேன்.

சுங்க அலுவலகத்தில் ஒயார்சூன் அம்மாள்
மூக்குக் கண்ணாடியை இறக்கி
ஒரே ஒரு வரியைச் சுழித்து
என் பக்கம் தள்ளினாள்.
பெட்டி எண் பதினேழு: பலவகை.
'பலவகை என்று உலகத்தில் ஒரு பொருள் கிடையாது.'

ஒட்டின டேப்பைக் கிழித்துத்
தரையில் கொட்டி எழுதினேன்.
சாவி, ஒன்பது.
பூட்டு, ஒன்று
(ஒன்பதையும் போட்டுப் பார்த்தாயிற்று).
சதுரங்கக் குதிரை, கறுப்பு.
அரை மெழுகுவர்த்தி. அதற்கு முன்பே எரிந்த அரையின்
மின்வெட்டு இரவு, எழுதவில்லை.
தீப்பெட்டிக்குள் தாவோரின் முதல் பால்பல்:
பல் என்றால் விலங்குப் பொருளில் சேருமோ என்று
'சிறிய தந்தப் பொருள்' என எழுதி,
ஜெயில் ஞாபகம் வந்து,
அவசரமாக அடித்துவிட்டு
'தீப்பெட்டி' என்று போட்டேன்.
ஒரு கடிதம், எலிசெயோவின் கையெழுத்து,
'இனி ஒருபோதும் செய்யமாட்டேன், சத்தியம்.'
எதை என்று இரண்டு பக்கமும் தேடினேன்.
எழுதியிருக்கவில்லை.
எனக்கும் நினைவில்லை.
காகிதம், ஒன்று.

விலைக் கட்டத்தில் எல்லாவற்றுக்கும் பூஜ்யம்.
'கம்ப்யூட்டர் பூஜ்யத்தை ஏற்காது,' என்றாள்.
'குறைந்தது ஒன்று போடுங்கள்.'
போட்டேன்.
முப்பத்தொரு வரி, முப்பத்தொரு பெசோ.
அதற்கு ஒரு மிட்டாய்கூட வராது.
அதற்கும் இன்ஷூரன்ஸ் உண்டாம்:
கட்ட வேண்டியது நாலாயிரம்,
தொலைந்தால் கிடைப்பது முப்பத்தொன்று.
கட்டிவிட்டேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

லாரி வந்த காலையில்
முதலில் ஏற்றினது கடைசியில்தான் இறங்கும் என்று
டிரைவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது
கெட்டில் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது,
அலமாரிக்கும் மெத்தைக்கும் பின்னால்.
டீ இல்லை.
கதவைத் திறந்த மாத்திரத்தில்
காற்று வந்து காலி அறைகளை ஒவ்வொன்றாகப்
பார்வையிட்டது, வாடகைக்கு வருகிறாற்போல.

ஃபோன் அடித்தது.
'என்ன செய்கிறாய்?'
உட்கார்ந்திருக்கிறேன்.
'நாற்காலியெல்லாம் ஏற்றியாச்சு என்றாயே,
எதன்மேல்?'
பலவகை மேல், என்றேன்.
லைனில் கொஞ்சநேரம் இரைச்சல்.
'அதில் என்ன இருக்கு?'

நான்கு படி இருக்கிறது எலிசெயோ,
வந்ததும் படித்துக்கொள்.
இருபத்தாறாம் வரிக்கு மட்டும்
நீதான் விளக்கம் சொல்ல வேண்டும்.