எடைச் சீட்டு

படிவத்தில் பதினோராவது கேள்வி:
எப்போதாவது கைது செய்யப்பட்டுள்ளீரா?
ஆம். இல்லை.
இரண்டே கட்டம்.
"மோதிரம் அவர்கள் பையிலேயே கிடைத்தது" என்று எழுத
மூன்றாவது கட்டம் கிடையாது.

குன்னூரில் ஒரு விருந்தினர் பங்களா.
படுக்கை விரிப்பை மாற்றியவள் நான்,
ஆகவே எடுத்தவளும் நான்.
பதினைந்து நாள் கோவைச் சிறை.
மலையில் வளர்ந்த உடம்பு
அந்த வேக்காட்டில் தூங்கவே இல்லை.
பதினாறாம் நாள் சென்னையிலிருந்து ஃபோன்:
ஷேவிங் பைக்குள் இருந்ததாம்.
ஸாரி சொன்னார்களாம்,
இன்ஸ்பெக்டரிடம்.

"மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்னு போட்டு மூடியாச்சும்மா, போ."
மூடியதுதான்.
யார் திறந்தாலும் முதலில் தெரிவது
மரியபுஷ்பம், க/பெ ஆரோக்கியநாதன், வயது 34.

அரவங்காட்டில் ஒப்பந்தத் துப்புரவு வேலை.
போலீஸ் வெரிஃபிகேஷன் வரைக்கும் போய் நின்றது.
விடுதிச் சமையலறைக்குக் கேட்கப் போனேன்.
சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு
எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்.
வேலையைப் பற்றி ஆண்டவர்
இன்னும் அவரிடம் சொல்லவில்லை போல.
எல்லநள்ளி பேக்கரியில் ஒன்பது நாள்.
பத்தாம் நாள், பன் வாங்க வந்தவள்
என்னையே பார்த்துவிட்டு
முதலாளியைத் தனியே கூப்பிட்டாள்.
கணக்கு முடித்து, கூடவே
ஒரு பொட்டலம் வர்க்கியும் கொடுத்தார்.
மகன் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.
நல்லதாய்ப் போயிற்று.

கேத்தி பாலாடாவில் படிவம் இல்லை.
கேரட் கழுவும் இடம். ராத்திரி ஒன்றரைக்கு வேலை.
பெள்ளி அண்ணன் டார்ச்சை என் காலில் அடித்து
பூட்ஸ் இருக்கிறதா என்று பார்த்தார்.
"குளிர் தாங்குவியா?"
அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

இரும்பு உருளை சுற்றும்.
செம்மண் தண்ணீர் கணுக்கால் வரை ஓடும்.
தை மாதத்தில், புல் வெள்ளையாய் விறைத்த இரவுகளில்
விரல் பத்தும் யாருடையதோ போல இருக்கும்.
மண் போனால் நிறம் தெரியும் என்று
யாரும் எனக்கு உவமை சொல்ல வேண்டாம்.
நான் கழுவுவது கூலிக்கு.
மூட்டைக்கு இவ்வளவு.

எடை போடுகிற பையனுக்கு டைஃபாய்டு.
நோட்டையும் பேனாவையும்
அண்ணன் என்னிடம் நீட்டினார்.
மூன்று நாள் ஒத்திகை பார்த்த வாக்கியம்
மோட்டார் சத்தத்துக்கு மேலே
கத்தலாகத்தான் வெளியே வந்தது:
"அண்ணா, என் மேல ஒரு கேஸ் இருந்துச்சு!"

உருளையை ஊட்டிக்கொண்டிருந்த நான்கு பேரும் திரும்பினார்கள்.
அவர் மட்டும் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"நாப்பத்தெட்டரை. எழுது.
வண்டி நாலு மணிக்குக் கெளம்பணும்."

முன்பே தெரியுமா?
தெரியாதா?
ஆள் இல்லாத நாளில் யாராயிருந்தாலும் சரி என்றா?
இன்றுவரை நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

சீட்டின் அடியில் ஒரு கோடு:
எடை போட்டவர்.
ஈரக் கையில் பேனா எழுத மறுத்தது.
உள்ளங்கையில் நாலு முறை கிறுக்கி
மையை வரவழைத்து எழுதினேன்.
இனிஷியலோடு,
முழுப் பெயர்.

என் பெயர் அன்று
லாரியின் முன் கண்ணாடியில் செருகப்பட்டு
காட்டேரி தாண்டி, பர்லியார் வளைவுகளில் இறங்கி
மேட்டுப்பாளையம் போயிற்று.
விடிந்தும் எனக்குப் படுக்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் டிரைவர் நூருல்லாவிடம் கேட்டேன்,
சும்மா கேட்பதுபோல:
"செக்போஸ்ட்ல சீட்டைப் பாத்தாங்களா?"
"பாத்தாங்க."
"பேரைப் பாத்து ஏதாச்சும்..."
"பேரா? அதை யாரு பாத்தா.
கேரட் நல்லாருக்குன்னாங்க.
ரெண்டு கிலோ எடுத்துக்கிட்டாங்க."

நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
அந்த இரண்டு கிலோவை
எந்தக் கணக்கில் எழுதுவது?