அணைவதற்கு நான்கு நிமிடம்

பொத்தானை அழுத்திவிட்டு
கெண்டியில் தண்ணீர் வைத்து
அது கொதித்து
மாத்தே இலை போட்ட சுரைக்குடுக்கையில் ஊற்றி
உறிஞ்சி முடித்தாலும்
திரையில் அந்தப் புள்ளிகள்
வட்டமடித்துக்கொண்டேதான் இருக்கும்.
ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி.
அடுப்படிக் கடிகாரத்தில் பார்த்து
ஒரு கம்பளி ரசீதின் பின்புறம் குறித்தேன்.

காற்றுதான் காரணம் என்றார் எவாரிஸ்தோ.
புன்தா அரேனாஸில் எதற்கும் காற்றுதான் காரணம்.
தகரக் கூரை பறந்தால்.
கோழி முட்டையிடாவிட்டால்.
பூனை தொலைந்தால்.
நீரிணையின் உப்பு உள்ளே போய்விட்டது என்று
பக்கத்து மூடியைக் கழற்றி
பெயின்ட் தூரிகையால் துடைத்தார்.
வந்தது உப்பில்லை,
அந்தத் தொலைந்த பூனையின் மயிர்.

சனிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.
நீ விழிக்கும்போது
உன்னோடு எழுந்துகொள்கிறவர்கள் யார் யார்?
முப்பத்தொரு பேரைக் காட்டியது.
என்றோ குப்பைக்குப் போன பிரிண்டருக்கு
மை இருக்கிறதா என்று பார்க்க ஒருவன்.
ஜன்னல் பக்கத்திலேயே இருக்க
மழை வருமா என்று சொல்ல ஒருவன்.
அந்தோஃபகஸ்தா சுரங்கத்துக்குப் போய்விட்ட யெர்கோவின்
கார்ப் பந்தயத்தைக்
காலைதோறும் புதுப்பிக்க ஒருவன்.
இரண்டு வைரஸ் காவல்காரர்கள் வேறு,
ஒருவன் பையில் மற்றவன் கைவிட்டுக்கொண்டு.

பாதிப் பேரை நிறுத்தி மறுபடி கிளப்பினேன்.
மீதியில் பாதி.
அதில் பாதி.
சொறி பிடித்த ஆட்டைத் தேடி
பட்டியைப் பிரித்துப் பிரித்து அடைப்பதுபோல.
இருட்டுவதற்குள் ஆறு நிமிடமானது.
யெர்கோவின் ஆளை மட்டும் விட்டுவைத்தேன்.
சாப்பிட்டுவிட்டு வந்து
அவனையும் நிறுத்தினேன்.

மிச்ச நேரம் முதுகுப்பக்கம் இருந்தது.
சுவரை ஒட்டி, கை மட்டும் போகிற இடத்தில்,
நகத்தளவு ஒரு பென் டிரைவ்.
எழும் ஒவ்வொரு முறையும்
இயந்திரம் முதலில் அதைத்தான் கேட்டிருக்கிறது,
நீயா என்னைக் கிளப்பப் போகிறாய் என்று.
அது பதில் சொல்லாது. இது காத்திருக்கும்.
பிடுங்கி, ஊதி, முன்னால் செருகினேன்.
பொய் சொல்வானேன், நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொண்டது.
ஒன்றுமில்லை.
படிக்க முடியவில்லை, அழித்துப் புதிதாக்கவா என்றது.

அதை வெளியே எடுத்ததும்
ஐம்பத்திரண்டு விநாடி!
எவாரிஸ்தோ எட்டிப் பார்த்து
நான் துடைத்ததுதான் வேலை செய்திருக்கிறது என்றார்.

அணைப்பது மட்டும் மாறவில்லை.
விளக்கையெல்லாம் அணைத்த பிறகும்
கூடத்தில் அது மட்டும் நான்கு நிமிடம்
நீலமாக முனகிக்கொண்டிருந்தது.

ஞாயிறு மதியம்
அமைப்புகளின் அடியாழத்தில்
ஒரு நீளமான பெயருக்கு எதிரே
ஒன்று.
பூஜ்யம் இருக்க வேண்டிய இடம் அது.
ஒன்று என்றால்,
போகுமுன் எழுதிப் பார்த்த இடத்தையெல்லாம்
கழுவிவிட்டுப் போ.

தானாக வராது அந்த ஒன்று.
யாராவது போட வேண்டும்.

யாரென்று தேடவேண்டியிருக்கவில்லை.
சால்மன் பண்ணைக் கணக்கு என் கையிலிருந்த வருடம்.
செத்து மிதந்தது எத்தனை டன் என்று
இரண்டு தாளில் இரண்டு விதமாக எழுதிய குளிர்காலம்.
வுகாசோவிச் போனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல
நான்தான் தட்டினேன்.
"சும்மா ஒரு முன்ஜாக்கிரதை, செஞோரா."
விசாரிக்க யாரும் வரவில்லை.
அவர் பண்ணையை விற்றுவிட்டு வடக்கே போனார்.
நான் கம்பளிக் கணக்குக்கு மாறினேன்.
மறந்தும் போனேன்.

இது மறக்கவில்லை.
எட்டு வருடம், ஒவ்வோர் இரவும்,
மின்கட்டணத்தையும்
ஆட்டுத்தோல் விலையையும்
யெர்கோவுக்கு எழுதி அனுப்பாத கடிதத்தையும்
செத்த மீன் மாதிரியே
தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறது.

ஒன்றை எடுத்துவிட்டுப் பூஜ்யம் போட
ஒரு விநாடி போதும்.
விரல் விசைமேல் இருந்தது.

சூப் ஆறுகிறது என்று குரல் வந்தது.
பிறகு எவாரிஸ்தோவே வந்தார்.
என்னதான் கோளாறாம், கண்டுபிடித்தாயா?

காற்று என்றேன்.