மூன்றும் ஏறும்

மைனஸ் இருபத்தெட்டு.
பழைய ஃபில்டரை ரொட்டிப் பையில் சுற்றி
ஓரெஸ்ட்டின் கடை மேசைமேல் வைத்தேன்.
எண் அழிந்திருந்தது. எண்ணெய் தின்றது போக
மிச்சம் ஒரு ஏழு, அல்லது ஒன்று.

அவன் மூன்றை எடுத்து அடுக்கினான்.
மூன்றும் அதே மரையில் ஏறும்.
"ஏறினால் போதாதா" என்றான், காபியை ஊதியபடி.

மலிவானதைக் கவிழ்த்து உள்ளே விரல் விட்டேன்.
எண்ணெயை வடியவிடாமல் பிடிக்கும் ரப்பர் நாக்கு
அதற்கு இல்லை.
விடியலில் சாவி திருப்பினால் ஐந்து நொடி
வறண்ட தொண்டையோடு இருமும் எஞ்சின்.
நெட்டையானது நல்லதுதான்.
ஆனால் என் பிக்கப்பில் முன்னச்சுக்கு மேலே
இரண்டு விரல் இடம்கூட இல்லை;
சஸ்காட்சுவன் சாலை
குழிக்குக் குழி அதை அளந்து பார்க்கும்.

நடுவில் இருந்ததை எடுத்தேன். முப்பத்தொரு டாலர்.
ஓரெஸ்ட் புருவத்தை உயர்த்தினான்.
புது டீசல் எஞ்சின் என்ன விலை என்று கேட்டேன்.
பேசாமல் பில் போட்டான்.

கொட்டகையில், மாட்டுவதற்கு முன்,
எஞ்சின் முகத்தில் விரலை வட்டமாக ஓட்டினேன்.
இருந்தது,
பழைய ரப்பர் வளையம், அட்டைபோல் ஒட்டிக்கொண்டு.

லைல் ஒருமுறை இதைத் தடவிப் பார்க்காமல்
வளையத்தின்மேல் வளையம் வைத்து முறுக்கினான்.
எங்கள் வாசலிலிருந்து தானியக் கிடங்குவரை
பனியில் ஒரு கறுப்புக் கோடு.
அதைப் பிடித்தபடியே நடந்து வீடு வந்தான்.
இப்போது ரெஜைனாவில் இருக்கிறான்,
பஸ்ஸில் போகிறானாம்.

புது வளையத்துக்கு எண்ணெய் தடவினேன்.
கையால் மட்டும், முக்கால் சுற்று.
சாவி.
ஒன்று என்று சொல்லி முடிக்கவில்லை,
சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது.