கால் நிலைக்காத இடம்

சிவப்பு அட்டை
பேருந்துச் சீட்டைவிடச் சற்றே பெரியது.
நடுவர் அதைத் தூக்கியதும்
பெஞ்சில் கிடந்த கோட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன்.
மூன்றாம் கால்பகுதி, ஏழுக்கு ஏழு.
நான் சொன்னது ஒரே ஒரு சொல்தான், அதுவும் தமிழில்.
தொனி அவருக்குப் புரிந்துவிட்டது.

இப்போது நடைகூடத்தில் நிற்கிறேன்,
சிப்ஸ் இயந்திரத்துக்கும்
தொலைந்த கையுறைகளின் பெட்டிக்கும் நடுவே.
வெளியே ரெஜைனாவில் மைனஸ் முப்பத்தொன்று.
முன்னால் தடித்த கண்ணாடி.
அந்தப் பக்கம் என் பெண்கள்
என் குரல் இல்லாமல் ஆடுகிறார்கள்,
அப்படியொன்றும் மோசமில்லை.

பதினொரு வருடம் தேசிய அணியின் வலையில் நின்றேன்.
நின்றேன் என்பது தப்பு.
அங்கே கால் நிலைக்காது.
முட்டை அடிக்கிற கருவிபோல
இரண்டு முழங்காலும் எதிரெதிராய்ச் சுழலும்.
தோள் தண்ணீருக்கு மேலே இருந்தால்
அதற்குப் பெயர் நிற்பது.

பந்தை இரண்டு கையாலும் பிடிக்க
எனக்கு மட்டும் உரிமை.
மற்றவர்களுக்கு ஒற்றைக் கை;
அடுத்த கை
எதிராளியின் நீச்சலுடையைத் திருகிக்கொண்டிருக்கும்.
ஆட்டத்துக்கு முன் நகம் பார்ப்பார்கள்,
பள்ளிக்கூடத்துத் திங்கட்கிழமை மாதிரி.
நகம் இல்லாமலும் கீறலாம் என்பது
பார்ப்பவருக்கும் தெரியும்.

உடைந்தவை: இடது சுண்டுவிரல், மூக்கு இரண்டு தடவை,
ஒரு கல்யாணப் பேச்சு
(தேதி தகுதிச்சுற்றோடு மோதியது).

முப்பத்திரண்டு வயதில் மருத்துவர்
இடுப்பு மூட்டின் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டினார்.
"கரையேறிட்டாய், நல்லது" என்றாள் அம்மா தொலைபேசியில்.
எங்கள் வீட்டில் கரையேறுதல் என்றால்
தப்பித்தல்.
அந்தச் சொல்லை நானும் போட்டுப் பார்த்தேன்,
ரப்பர் செருப்போடும் விசிலோடும்.
கடித்தது.

முதல் வருடம்
நனையாமல் வீடு திரும்பும்போதெல்லாம்
எதையோ திருடிக்கொண்டு போவதுபோல் இருந்தது.
முன்பு கார் வரை நடப்பதற்குள்
தலைமுடி உறைந்து குச்சிகளாய் ஒன்றோடொன்று தட்டும்.

வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போடுவேன்.
பலகை தட்டை,
அதில் மேற்பரப்பு மட்டுமே உண்டு.
பெஞ்சுக்குக் கீழே என் முழங்கால் தானாய்ச் சுழலும்.
உதவிப் பயிற்சியாளன் பிரெண்டன் ஒருநாள்
"கழிப்பறைக்குப் போகணுமா?" என்று கேட்டான்.

கடைசிக் கால்பகுதி. கடைசி நிமிடம்.
வலையில் டெய்னா ஹிரிட்சுக்.
இடது மூலைக்குப் பொறு, முந்தாதே என்று
எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.
அது அவள் தவறல்ல, என்னுடையது:
ஓர் அரையிறுதியில் நான் முந்தினேன்,
பந்து காதை உரசிக்கொண்டு உள்ளே போனது.
அன்றிலிருந்து அதே பந்தைத்தான்
மற்றவர் பிள்ளைகளைத் தடுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முந்துகிறாள்.

என் மூச்சு கண்ணாடியில் புகைந்து
மிகச் சரியாக அந்த மூலையை மறைக்கிறது.
சட்டைக் கையால் துடைப்பதற்குள்
பந்தைக் காணோம்.
எல்லோருடைய கைகளும் மேலே இருக்கின்றன,
இரண்டு அணியும்.
இந்த ஆட்டத்தில் அடித்தவளும் கை தூக்குவாள்
தடுத்தவளும் கை தூக்குவாள்;
சத்தம் கேட்காவிட்டால்
வித்தியாசம் சொல்ல முடியாது.

சிப்ஸ் இயந்திரம் ஒருமுறை உறுமி அடங்குகிறது.
பின்னால் ஒரு சிறுவன்
நாணயத்தோடு காத்திருக்கிறான்,
கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்கிறான்.
தள்ளுகிறேன்.
என் குதிகால் தரையில் இல்லை என்பதை
அப்போதுதான் கவனிக்கிறேன்.